கை கால் விழாமலும் ஸ்ட்ரோக் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 29, உலகப் பக்கவாத நாளை ஒட்டி வரும் கட்டுரைகள் மூன்று அடையாளங்களைத் தவறாமல் சொல்கின்றன: வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தொங்குதல், பேச்சுக் குழறுதல். நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் அடைப்பைக் கரைக்கும் ஊசி போடலாம் என்பதும் இன்று பலருக்குத் தெரிகிறது. இது பெரிய மாற்றம். அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த மூன்றுமே பெரும்பாலும் மூளையின் முன்பகுதித் தமனிகள் அடைபடும்போது தெரிபவை. இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் வரும் ஸ்ட்ரோக்குகள்தான் தாமதமாகப் பிடிபடுகின்றன, பலமுறை பிடிபடாமலே போகின்றன. அவற்றில் மூன்றைப் பற்றி வாசகர்களும், இரவுப் பணியில் முதலில் பார்க்கும் மருத்துவர்களும் அறிய வேண்டும் என்பதற்காக இந்தக் கடிதம்.

முதலாவது, பின்மூளை ஸ்ட்ரோக். அடைப்பால் வரும் ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பின்மூளையில் வருகிறது. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே மேலேறும் இரண்டு தமனிகள் மண்டைக்குள் ஒன்றுசேர்ந்து பேசிலார் தமனியாகின்றன. மூளைத்தண்டும் சிறுமூளையும் பார்வைக்கான பின்பகுதியும் இந்த ரத்தத்தை நம்பியே இருக்கின்றன. இங்கே அடைத்தால் தலை சுற்றும், ஓயாமல் வாந்தி வரும், பொருள் இரண்டாகத் தெரியும், விழுங்கும்போது புரையேறும், நடந்தால் ஒரு பக்கமாகத் தள்ளும். கையைத் தூக்கச் சொன்னால் இரண்டு கையையும் நன்றாகத் தூக்குவார். வீட்டில் பித்தம் என்பார்கள். கிளினிக்கில் வாந்திக்கு ஒரு ஊசியும் தலைசுற்றலுக்கு மாத்திரையும் கிடைக்கும். போய்ப் படுத்துவிடுவார்.

தலைசுற்றல் எல்லாம் ஸ்ட்ரோக் அல்ல. படுக்கையில் புரண்டாலோ குனிந்து நிமிர்ந்தாலோ உலகமே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் உள்காதில் நுண்கற்கள் இடம் மாறியதால் வருவது. அதற்கு ஸ்கேன் வேண்டாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் செய்யும் பயிற்சியே போதும். கவலைப்பட வேண்டியது வேறு வகை: திடீரென்று தொடங்கி, அசையாமல் படுத்திருந்தும் மணிக்கணக்கில் நிற்காத சுழற்சி. கூடவே வாந்தியும், கண்மணிகள் தானாக ஆடுவதும் இருக்கும். இதற்கு உள்காது நரம்பு அழற்சியும் காரணமாகலாம், ஸ்ட்ரோக்கும் காரணமாகலாம்.

இந்த இரண்டையும் பிரித்தறியக் கட்டிலருகிலேயே ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய மூன்று சோதனைகளின் வலிமையை அமெரிக்க நரம்பியலாளர்கள் 2009ல் நிறுவினார்கள். 'ஹிண்ட்ஸ்' என்று பெயர். எதிரே இருக்கும் மருத்துவரின் மூக்கையே பார்க்கும்படி நோயாளியிடம் சொல்லிவிட்டு, மருத்துவர் அவர் தலையைச் சட்டென்று சிறிய கோணத்தில் திருப்புகிறார். காது நரம்பு கெட்டிருந்தால் கண்கள் தலையோடு விலகிப்போய், பின் துள்ளி மூக்குக்குத் திரும்பும். அதாவது இந்தச் சோதனையில் கோளாறு தெரிந்தால் ஆபத்து குறைவு. கண்கள் மூக்கை விட்டு நகராமல் இயல்பாக நின்றால்தான், காது நரம்பு நன்றாக இருந்தும் இவ்வளவு தலை சுற்றுகிறதே என்று மூளையைச் சந்தேகிக்க வேண்டும். இந்தத் தலைகீழ் விதியை மறந்து, 'நார்மல்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவதுதான் அதிகம் நடக்கும் பிழை. இரண்டாவது, கண்ணின் ஆட்டம் இடப்பக்கம் பார்த்தால் இடப்பக்கமும் வலப்பக்கம் பார்த்தால் வலப்பக்கமும் அடித்தால் அது மூளையிலிருந்து வருவது. மூன்றாவது, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடும்போது திறந்த கண் மேலோ கீழோ நகர்ந்து நிலைகொண்டால் அதுவும் மூளைதான். மூன்றில் ஒன்று இப்படி இருந்தாலும் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சுழற்சி நின்றுபோனவருக்கு இந்தச் சோதனை செல்லாது. கழுத்தில் அடியோ கடும் வலியோ இருப்பவருக்குத் தலையைச் சட்டென்று திருப்பவும் கூடாது. தலைசுற்றலோடு ஒரு காது புதிதாகக் கேட்காமல் போனால் அதைக் காது நோய் என்று ஒதுக்காதீர்கள். உள்காதுக்கு ரத்தம் தரும் சிறு தமனி பெரும்பாலும் சிறுமூளைத் தமனி ஒன்றின் கிளைதான்.

வீட்டில் உள்ளவர்களுக்கு இதைவிட எளிய அளவுகோல் உண்டு. தலை சுற்றுபவர் பிடிமானம் இல்லாமல் உட்கார முடிகிறதா, நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் 108ஐ அழையுங்கள்.

சாதாரண சிடி ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும், ஆனால் பின்மூளையின் புதிய அடைப்பைப் பெரும்பாலும் காட்டாது. தடித்த எலும்புகள் சூழ்ந்த இடம் அது. புதிய அடைப்பைக் காட்டவென்றே எடுக்கும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐகூட முதல் 48 மணி நேரத்தில் பின்மூளை ஸ்ட்ரோக்குகளில் பத்துக்கு ஒன்றிரண்டைத் தவறவிடும். எனவே ஸ்கேன் தெளிவாக இருந்தும் கண் அசைவும் நடையும் தவறாக இருந்தால், கண்டதை நம்பி உள்நோயாளியாக வைத்து, மூன்று நாள் கழித்து எம்ஆர்ஐயை மறுபடி எடுக்க வேண்டும்.

உள்நோயாளியாக வைப்பதற்கு வலுவான காரணம் உண்டு. சிறுமூளையில் பெரிய அடைப்பு வந்தால் வீக்கம் உடனே வராது. பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் உச்சம் தொடும். அந்தக் குறுகிய இடத்தில் வீங்கும்போது மூளைநீர் வழி அடைபடும், மூளைத்தண்டு நசுங்கும். நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று தூங்கி வழிகிறார் என்றால் அது ஓய்வு அல்ல. உடனே நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் பார்த்து, பின்மண்டை எலும்பை அகற்றி இடம் கொடுத்தால் பலர் நடந்தே வீடு திரும்புகிறார்கள். ஸ்டீராய்டு ஊசி இந்த வீக்கத்துக்கு உதவாது.

பேசிலார் தமனியே அடைத்தால் நிலைமை இன்னும் கடுமை. முன்பு இதற்குச் செய்ய அதிகமில்லை என்று கைவிரித்த காலம் உண்டு. 2022ல் வெளியான இரண்டு சீன ஆய்வுகள் அதை மாற்றின. தமனிக்குள் கம்பிவலை செலுத்தி ரத்தக்கட்டியை வெளியே எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் பிறர் துணையின்றி நடக்கும் நிலைக்கு வந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் அது 23, 24 சதவீதம்தான். அவற்றில் ஓர் ஆய்வு 12 மணி நேரத்துக்குள் வந்தவர்களையும், மற்றது 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தவர்களையும் சேர்த்தது. ஆகவே நாலரை மணி தாண்டிவிட்டது என்பதற்காக யாரும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

இரண்டாவது, கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிவது. ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களின் ஸ்ட்ரோக்கில் இது முக்கியக் காரணம். முடி திருத்தும் கடைகளில் கழுத்தை ஒடித்து நெட்டி முறிக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அழகு நிலையங்களில் கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தலை கழுவும்போது வந்த ஸ்ட்ரோக்குகளைப் பற்றி 1993லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். கழுத்திலோ பிடரியிலோ ஒரு பக்கமாகப் புதுவிதமான வலி வரும். சிலருக்கு அதே பக்கத்து இமை சற்று இறங்கி, கண்பாவை சுருங்கியிருக்கும். ஸ்ட்ரோக் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பின்தொடரலாம். நிற்காத விக்கல், குரல் கம்மல், ஒரு பக்க முகத்திலும் எதிர்ப்பக்க உடம்பிலும் சூடு தெரியாமல் போவது என்று வந்தால் மூளைத்தண்டின் பக்கப்பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது. இவரிடமும் கை கால் வலு முழுதாக இருக்கும். கழுத்தையும் சேர்த்து எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் கிழிசலைக் காட்டும். பெரும்பாலோருக்கு ஆஸ்பிரின் போன்ற மருந்தில், சில மாதங்களில் தமனி தானே ஆறிவிடும். சரியாக விழுங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கும் முன் இவர்களுக்கு வாயில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடத் தரக்கூடாது. நுரையீரலில் இறங்கிவிடும்.

மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்ப் பெண்களின் நோய். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகள் உறைந்துபோவது பிள்ளை பெற்ற முதல் சில வாரங்களில் அதிகம் வருகிறது. மதுரையைச் சேர்ந்த நரம்பியல் பேராசிரியர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பேறுகாலத்திலும் இப்படி ரத்தக்குழாய் உறைந்த 135 பேரைப் பற்றி 1983ல் எழுதிய கட்டுரை உலக அளவில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பிரசவத்தால் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது. அதன்மேல் ரத்தசோகை சேர்கிறது. பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பத்தியமும் சேர்கிறது. பத்தியத்தில் மற்றதை எப்படியும் வைத்துக்கொள்ளுங்கள், தாய்க்குத் தாகத்துக்குத் தண்ணீர் மட்டும் மறுக்காதீர்கள்.

நோய் தலைவலியில் தொடங்கும். நாளுக்கு நாள் கூடும், படுத்தால் இன்னும் கூடும், வாந்தி வரும், பார்வை மங்கும். பிறகு வலிப்பு, அதன்பின் கையோ காலோ விழும். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டவர்களிடம் இந்தத் தலைவலியை ஊசித் தலைவலி என்று கடந்துவிடுவது எளிது. ஊசியால் வருவது உட்கார்ந்தால் கூடி, படுத்த சில நிமிடங்களில் குறையும். அந்தக் குணம் இல்லாவிட்டாலும், முன்பு இருந்து பின்பு மாறிவிட்டாலும், சிரையைப் பார்த்தே ஆக வேண்டும். ஊசித் தலைவலியே சிலருக்குச் சிரை உறைதலில் முடிவதும் உண்டு. வலிப்பு வந்தால் பிரசவ ஜன்னி என்று மெக்னீசியம் சல்பேட் கொடுப்பது சரி. ஆனால் ரத்த அழுத்தம் இயல்பாக இருந்து, பிரசவம் ஆகி ஒரு வாரம் கழித்து வலிப்பு வந்தால் அதோடு நின்றுவிடக் கூடாது.

இங்கும் சாதாரண சிடி பலருக்கு இயல்பாகவே இருக்கும். கேட்க வேண்டியது சிரைகளைப் படமெடுக்கும் சிடி வெனோகிராம் அல்லது எம்ஆர் வெனோகிராம். ஸ்கேன் கோரும் தாளில் 'தலைவலி' என்று மட்டும் எழுதாமல், 'பிரசவமாகி இத்தனையாம் நாள், சிரை உறைவு சந்தேகம்' என்று எழுதினால்தான் கதிரியக்கப் பிரிவு வெனோகிராம் எடுக்கும். கண்ணின் பின்திரையை ஆஃப்தல்மாஸ்கோப் வைத்துப் பார்த்து நரம்பு வீங்கியிருக்கிறதா என்று அறிய இரண்டு நிமிடம் போதும். ரத்த உறைவுக்குப் பார்க்கும் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை இயல்பு என்பதை நம்பி இந்த நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

சிகிச்சையில்தான் பலர் தயங்குகிறார்கள். ஸ்கேனில் ரத்தக்கசிவு தெரியும்போது ரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினை எப்படிக் கொடுப்பது? சாக்கடை அடைத்தால் தண்ணீர் வாசலில் தேங்குவது போல, வெளியேற வழியில்லாத ரத்தமே அங்கே கசிகிறது. அடைப்பு விலகினால் கசிவும் நிற்கும். ஜெர்மனியில் 1991ல் வெளியான ஆய்வில், ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் ஒருவரும் இறக்கவில்லை, பெறாத 10 பேரில் மூவர் இறந்தனர். சிறிய ஆய்வுதான், ஆனால் கசிவு இருந்தாலும் ஹெப்பாரின் என்பதே அதற்குப் பிறகு உலகெங்கும் நடைமுறை. ஹெப்பாரின் வகையான எனாக்ஸபாரின் ஊசி என்றால் எடைக்கு ஒரு கிலோவுக்கு 1 மி.கி., 12 மணிக்கு ஒருமுறை. பிறகு 3 முதல் 12 மாதம் வரை, உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை; ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். வார்ஃபரின் எடுக்கும் தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம், இதற்காகப் பாலை நிறுத்தச் சொல்வது தேவையற்றது. ஆனால் அதே மருந்து அடுத்த கர்ப்பத்தில் கருவைப் பாதிக்கும் என்பதால், கருத்தடையை அப்போதே பேசிவிட வேண்டும், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்த்து. மூளை வீங்கிக் கண்பாவை விரியத் தொடங்கினாலும் கைவிட வேண்டியதில்லை. மண்டையோட்டின் ஒரு பகுதியைத் திறந்துவைக்கும் அறுவையால் இத்தகைய நோயாளிகள் பிழைத்ததை வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பல நாடுகளில் 624 பேரைத் தொடர்ந்து கவனித்து 2004ல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ எண்பது சதவீதம் பேர் முழுமையாகவோ மிகச் சிறு குறையோடோ மீண்டார்கள்.

கோயில் விழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் நேராகக் கேட்டு வாங்கும் நோரெதிஸ்டெரோன் மாத்திரையையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. விரதமும் வெயிலும் சேர்ந்து உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில், மருத்துவரைக் கேட்காமல் அதை எடுக்காதீர்கள். எடுத்தவருக்கு விடாத தலைவலி வந்தால், மாத்திரை எடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

எல்லா ஸ்ட்ரோக்குக்கும் பொதுவான சிலவும் உண்டு. சர்க்கரை தாழ்ந்தாலும் கை கால் இழுத்துக்கொள்ளும், பேச்சுக் குழறும். எனவே விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரைச் சோதனை, ஸ்கேனுக்கும் முன்னால் நடக்க வேண்டும். ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறதே என்று, அதைக் குறைக்கும் நிஃபெடிபின் மருந்தை நாக்கின் அடியில் வைப்பது கூடாது. திடீரென்று அழுத்தம் விழுந்தால், பிழைக்கக்கூடிய மூளைப் பகுதியும் சேர்ந்து சாகும். அடைப்பா கசிவா என்று சிடி சொல்லும் வரை ஆஸ்பிரினும் வேண்டாம். மருத்துவமனைக்கு எடுத்துவர வேண்டியவை இரண்டுதான்: கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம், அவர் எடுக்கும் மாத்திரை அட்டைகள். தூங்கி எழும்போது கண்டது என்றால், படுக்கப்போன நேரத்தையே சொல்ல வேண்டும்.

தாங்கள் ஸ்ட்ரோக் பற்றி வெளியிடும் அடையாளப் பட்டியலில் 'திடீரென்று நிற்க முடியாமல் தள்ளாடுதல்', 'திடீரென்று பார்வை இரட்டையாதல் அல்லது பாதி மறைதல்' என்ற இரண்டையும் சேர்த்து அச்சிடுங்கள். அரசு மகப்பேறு மருத்துவமனைகளை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு அனுப்பும்போது தாயிடம் கொடுக்கும் தாளில், குழந்தையின் தடுப்பூசித் தேதிகளுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: ஆறு வாரத்துக்குள் விடாத தலைவலியோ, வலிப்போ, பார்வை மங்கலோ வந்தால் அன்றே வர வேண்டும், வரும்போது இந்தத் தாளையும் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
நரம்பியல் மருத்துவர்கள் இருவர்,
மதுரை