முடிச்சுப் போட்டுக் காட்டிய அண்ணனுக்கு

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் எங்கள் அங்கன்வாடிக்கு அன்று வந்திருந்த அண்ணனுக்கு நன்றி. பெயர் கேட்கத் தோன்றவில்லை. எடை பார்க்கும் நாள், பெற்றோர் வரவேண்டும் என்றார் டீச்சர். நண்டு உடைக்கும் வேலை முடிந்து, கையில் கவிச்சி வாடையோடு தாமதமாகத்தான் போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதனால்தான் அவர் கரையில் இருந்தார் போல. மற்றபடி எங்கள் ஊரில் அப்பாக்கள் அந்த வாசலை எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

எடை மெஷினைப் பார்த்து அலறிய என் மகனை மடியில் வைத்து, நீல நைலான் நூலில் வலை முடிச்சு போடக் காட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் தன் மகளோடு இவனுக்கும் சத்துமாவு உருண்டையைப் பிட்டுக் கொடுத்தார். அறுந்து தொங்கிய கேட்டைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த முடிச்சை அவிழ்க்கவே விடமாட்டேன் என்கிறான் பையன்.