எங்கள் தந்தையாரின் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்து உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் வணக்கம்.

கடந்த மாசி மாதம் எங்கள் தந்தையார் காலமானபோதும், அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் அவர் நோயுற்றுக் கிடந்தபோதும் எங்களோடு துணை நின்ற ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி சொல்வதுதான் முறை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின்னும் அது கைகூடாததால் இம்மடலை எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதல் நன்றி, அப்பாவின் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் கிழக்குக் காற்றைப் பற்றி இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் பையிலுள்ள மண் இறுகி, இளந்தளிர் கருகிவிடும். அப்பா மருத்துவமனையில் இருந்த நாட்களில் வீட்டுப் பின்கட்டில் 400க்கும் மேற்பட்ட நாற்றுகள் இருந்தன. எங்களில் ஒருவருக்கும் அவற்றின் நினைவு வரவில்லை. அடுத்த வீட்டுச் சேச்சியும் அவருடைய இரு மகன்களும், யாரும் கேட்காமலேயே, காலையும் மாலையும் குடத்தில் சுமந்து ஊற்றியிருக்கிறார்கள். வீடு திரும்பிய அன்று, கட்டிலில் படுப்பதற்கு முன் தன்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார் அப்பா. குனிய முடியாததால் ஒரு பையை என்னை எடுத்துத் தரச் சொல்லி, அந்த மண்ணில் ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்தார். ஈரம் இருந்தது. ஒட்டிய மண்ணைத் துடைக்காமலேயே போய்ப் படுத்துக்கொண்டார். சேச்சி, அன்று அவர் முகத்தில் கண்ட நிம்மதிக்கு உங்களுக்கு நாங்கள் என்றும் கடன்பட்டிருக்கிறோம்.

1955இல் திறக்கப்பட்ட மலம்புழா அணையை ஒட்டிய பூங்காவில், இளவயதில் தினக்கூலியாகக் களை பறித்துத் தொழில் கற்றவர் அப்பா. பிறகு நாற்பது ஆண்டுகள், இந்த எல்லைப்புறத்து வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் தோட்டம் அமைத்துக் கொடுத்தார். புதிய இடம் ஒன்றைப் பார்க்கப் போனால் மண்வெட்டியை எடுக்க மாட்டார். ஒரு மாலை முழுவதும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மழைநீர் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். கேரளத்தின் பிற பகுதிகளைவிட மழை குறைவான இந்த மண்ணில் பச்சைப் புல்தரை கேட்டவர்களிடம், அது குடிக்கும் தண்ணீரில் நான்கு நாவல் மரம் வளர்க்கலாம் என்று பொறுமையாகச் சொல்லுவார். வைகாசியில் வரும் எடவப்பாதி மழைக்கு முன் குழி, ஐப்பசியில் வரும் துலாவர்ஷ மழைக்கு முன் மூடாக்கு என்பது அவர் கணக்கு. வைகாசி, ஐப்பசி என்று வீட்டில் பேசினாலும் மழைக்கு மட்டும் மலையாளப் பெயர்தான் அவர் வாயில் வரும்.

பாலக்காட்டு நகரத்தில் அவர் தோட்டம் அமைத்துக் கொடுத்த ஓர் அம்மையார், துக்கம் விசாரிக்க வந்தபோது சொன்னதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அவர் வீட்டு எலுமிச்சையின் இலைகளைப் புழு தின்கிறதென்று மருந்தடிக்கச் சொல்லியிருக்கிறார். அப்பா ஓர் இலையைத் திருப்பி, பறவை எச்சம் போலிருந்த சிறு புழுவைக் காட்டி, இது பச்சை நிறமாகும், பிறகு கூடு கட்டும், அதுவரை பொறுங்கள் என்றாராம். சில வாரங்களில், கறுப்பில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் கொண்ட எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அந்தச் செடியிலிருந்தே பறந்ததைப் பார்த்த அவர், அதன்பின் அந்த வீட்டில் மருந்தே வாங்கவில்லை. அம்மா, நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்கு இது தெரிந்தே இருக்காது.

இரத்தம் கொடுத்த ஏழு இளைஞர்களுக்கும், தமிழில் பேசினால் அவருக்கு ஆறுதலாக இருக்குமென்று எங்களிடம் சொற்களைக் கேட்டுக் கற்றுக்கொண்ட செவிலியர்க்கும், திருவில்வாமலை ஐவர் மடம் மயானம் வரை உடன் வந்து பாரதப்புழைக் கரையில் எல்லாவற்றையும் முன்னின்று நடத்திய உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. பந்தல் போட்டுத் தந்த பெரியவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டுவாசலுக்கு இடைஞ்சலென்று அவர் வெட்ட நினைத்த பனையை, தூக்கணாங்குருவிக் கூடுகளைக் காட்டித் தடுத்து, பாதையை வளைத்துப் போட்டுத் தந்தவர் அப்பா. அதே பனையின் ஓலைகளைத்தான் பந்தலுக்கு அவர் கொண்டுவந்தார். அன்று வந்திருந்தவர்கள் எல்லோரும் அந்த நிழலில்தான் அமர்ந்திருந்தார்கள்.

அப்பாவோடு வேலை செய்த அண்ணன்மார் மூவரும், அவர் ஒப்புக்கொண்டு முடிக்காமல் விட்ட இரண்டு தோட்டங்களைக் கூலி பேசாமல் முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை நாங்கள் தீர்ப்போம், மறுக்கக் கூடாது.

பின்கட்டில் இன்னும் வேம்பு, புங்கம், நாவல் நாற்றுகளும், வண்ணத்துப்பூச்சிகளுக்காக அவர் வளர்த்த ஈஸ்வரமூலிக் கொடிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு பையிலும் விதை எடுத்த மரத்தின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கட்டியிருக்கிறார். எடவப்பாதி மழைக்கு முன் வந்து, உங்கள் மண்ணுக்கு ஏற்றதை எடுத்துச் செல்லுங்கள். மாலை ஐந்து மணிக்குமேல் நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.

நன்றியுடன்,
மகளும் குடும்பத்தாரும்