புரோக்கன் மலைக்கு இழுக்கும் இஞ்சின்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்திக்குக் காய்ச்சல், அப்புறம் எனக்கு. இப்போது எல்லாரும் தேறிவிட்டோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கமாட்டாய்.

ஜெர்மனியில் இன்னமும் நீராவி ரயிலா, டூரிஸ்ட்டுக்குப் புகை விட்டுக் காட்டுகிறார்களா என்று கேட்டிருந்தாய். போன ஞாயிறு மாப்பிள்ளை என்னை ஹார்ட்ஸ் மலைக்கு அழைத்துப் போனார். வெர்னிகரோடே என்ற ஊரிலிருந்து புரோக்கன் உச்சிக்கு ரயில். 234 மீட்டர் உயரத்தில் கிளம்பி 1125 மீட்டரில் போய் நிற்கிறது. தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர், நம் பழைய மீட்டர் கேஜ்தான்! பிளாட்பாரத்தில் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்ததும் எனக்குப் பொன்மலை ரயில் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் ஊட்டி ரயில்போல் இங்கே பல்சக்கரம் கிடையாது. முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தைச் சக்கரப் பிடிப்பை மட்டும் நம்பி ஏறுகிறார்கள்.

இஞ்சினைச் சொல்கிறேன். தண்ணீரையும் கரியையும் தன் மேலேயே சுமக்கும் டேங்க் இஞ்சின், 2-10-2, அதாவது முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், நடுவில் இழுக்கும் பத்து, பின்னால் இரண்டு. ஒரு மீட்டர் விட்டமுள்ள பத்துச் சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்து ஓடுகின்றன. எடை 60 டன்னுக்கு மேல், 700 குதிரைத்திறன், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்தான். 1954-லிருந்து 1956-க்குள் கிழக்கு ஜெர்மனியில், பாபல்ஸ்பெர்க்கில் இருந்த கார்ல் மார்க்ஸ் பெயர்கொண்ட தொழிற்சாலை மொத்தம் பதினேழு கட்டியது. எண்கள் 99 என்று தொடங்கும். குறுகிய பாதை இஞ்சின் என்பதற்கு அதுதான் அடையாளம்.

முழுக்கப் புதிய வடிவமில்லை. 1931-ல் இதேபோல் மூன்று இஞ்சின்கள் செய்திருந்தார்கள். போரின்போது இரண்டை நார்வேக்குக் கொண்டுபோய்விட, ஒன்று மட்டும் மிஞ்சியது. அதைப் பார்த்துத்தான் இந்தப் பதினேழும். பெரிய மாற்றம் இஞ்சினைத் தாங்கும் அடிச்சட்டமான ஃபிரேமில். மூத்ததற்குத் தடித்த எஃகில் கடைந்த ஃபிரேம்; இவற்றுக்குத் தகட்டை வெல்டிங் செய்த ஃபிரேம். பிற்பாடு விரிசல் விட்டு, சிலவற்றுக்குப் புது ஃபிரேமே செய்து போடவேண்டியதாயிற்று. நீயாக இருந்தால் வரைபடத்தைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கியிருப்பாய். எனக்கும் அந்த மூத்ததன் மேல்தான் கண்.

இன்னொன்று. எழுபதுகளின் கடைசியில் கரியை விட்டு எண்ணெய்க்கு மாற்றினார்கள். எண்ணெய் விலை ஏறியதும் மறுபடி கரிக்கே திரும்பிவிட்டார்கள். நம் ஊட்டி இஞ்சின்கள் கரியிலிருந்து எண்ணெய்க்குப் போனவை. இவை போய்விட்டுத் திரும்பி வந்தவை.

மலை ஏறும்போது புகைபோக்கி முன்னால். இறங்கும்போது திருப்புவதில்லை, அப்படியே பின்னோக்கி வருகிறது. பேத்தி ஏன் என்று கேட்டாள். ஏறும்போது பாயிலர் தண்ணீர் பின்பக்கம் சேர்ந்து அடுப்பின் தலையை மூடி நிற்கும், அது வெளியே தெரிந்தால் ஆபத்து என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, பக்கத்தில் இருந்தவர் தமிழ் தெரியாமலே தலையாட்டினார்.

நடுவில் ட்ரை அன்னன் ஹோனேயில் நின்று தண்ணீர் பிடித்தது. நான் இறங்கி ஓரமாக நின்றேன். சூடான எண்ணெயும் ஈரக் கரியும் கலந்த அந்த வாசனை! டேய், முப்பது வருஷம் ஆகிவிட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். டூரிஸ்ட் வருமானத்தில் ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் காட்சிக்காக மிச்சம் வைத்தவை அல்ல. ஜெர்மனி இரண்டாக இருந்தபோது புரோக்கன் எல்லையை ஒட்டிக் கிழக்கு ஜெர்மனியில் நின்ற மலை. 1961 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். உச்சியில் சோவியத் படையும் கிழக்கு ஜெர்மன் உளவுத்துறையும் ஒட்டுக்கேட்கும் நிலையங்களை வைத்திருந்தன. கீழே ஷீர்க்க என்ற ஊர் வரை போகவே அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு மேல் ரயில் சரக்கு மட்டும் ஏற்றிப் போனது. 1987-ல் அதுவும் நின்றது.

எண்பதுகளின் கடைசியில் நீராவியை ஒழிக்க முடிவெடுத்து, இதைவிட அகலமான ஸ்டாண்டர்ட் கேஜ் டீசல் இஞ்சின்களை மீட்டர் கேஜுக்கு மாற்றத் தொடங்கினார்கள். நடுவில் கேபின் உயர்ந்திருப்பதால் அதற்கு ஹார்ட்ஸ் ஒட்டகம் என்று பட்டப்பெயர். பத்து ஒட்டகம் ஆனபோது கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லாமல் போயிற்று! 1989 டிசம்பரில் ஜனங்கள் மலையேறிப்போய்க் கதவைத் திற என்று நின்றார்கள். 1991 செப்டம்பரில் உச்சிக்கு மறுபடி ரயில் விட்டார்கள். கூட்டம் வந்தது நீராவிக்குத்தான். ஒட்டகங்களில் பாதிக்கு மேல் வேலையில்லாமல் போயின.

உச்சியில் ஒன்றும் தெரியவில்லை, ஒரே பனிமூட்டம். வருஷத்தில் முந்நூறு நாள் இப்படித்தானாம். டிக்கெட் விலையைச் சொன்னால் நீ திட்டுவாய், விடு.

சத்தத்தைப் போனில் பதிவு செய்திருக்கிறேன். ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன். கடைசி வளைவில் புகைபோக்கியின் தட்டு ஒரே சீராக இல்லை, நீராவியை உள்ளே விடும் வால்வ் செட்டிங் ஒரு பக்கம் லேசாகத் தப்பியிருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். எந்தப் பக்கம் என்று நீ கேட்டுச் சொல்.

அன்புடன்,
மணி