பூர்வீகம் தேடித் தருவதும் தொழிலே

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்குப் பூர்வீக ஊரைக் கண்டுபிடித்துத் தருவதைத் தொழிலாக்க நினைப்பவர்கள், எடுத்த எடுப்பிலேயே கிராமத்துக்கு வண்டி பிடிக்கக் கூடாது. முதலில் முன்னோரின் ஒப்பந்த எண் வேண்டும். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குப் போனவர்களின் கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் இருக்கும்.

தகராறு எழுத்தில்தான். காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ஒரே பெயரில் நாலைந்து ஊர்கள் வேறு! அதனால் கிராமத்தைவிடத் தாலுகாவை நம்புங்கள். ‘வட ஆற்காடு’ என்றிருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களோடு நிற்காமல் ஆந்திரத்துச் சித்தூரையும் பார்க்க வேண்டும். 1911 வரை அந்தப் பக்கமும் இதே ஜில்லாவில்தான் இருந்தது.

பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. தந்தை பெயரும், குடும்பத்தில் நினைவிருந்தால் குலதெய்வமும் ஒத்துவர வேண்டும். கட்டணத்தை மணிக்கணக்கில் வாங்குங்கள், பாதி முன்பணம். ‘கண்டுபிடித்தால் காசு’ என்று பேசினால், யாரோ ஒருவரைப் பங்காளி என்று காட்டிவிடும் ஆசை வந்துவிடும். தேடியும் கிடைக்காத பதிவேடுகளையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள்.

– ஒரு வாசகர், வேலூர்