அந்த நாலாயிரம் ரூபாய்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இலங்கையின் பண நெருக்கடி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2022 மார்ச்சில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டாலர், இரண்டே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்ட கதையை நன்றாகவே விளக்கியிருந்தார்கள். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி: "இலங்கை ரூபாய் என்றைக்குமே நம் ரூபாய்க்குக் கீழேதான்." அது சரியல்ல. சிலோனிலிருந்து திரும்பிய குடும்பத்தில் பிறந்தவன் நான். இந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இரண்டும் ஒரே ரூபாயாக இருந்த காலம் நீண்டது. இந்திய வெள்ளி ரூபாய்தான் இலங்கையிலும் சட்டப்படி செல்லுபடியாகும் நாணயம். 1884-ல் அங்கே நாணயச் சபை வந்து சொந்த நோட்டு அடித்தபோதும், மதிப்பு இந்திய ரூபாயோடு கட்டப்பட்டே இருந்தது. சில்லறையில் மட்டும்தான் வித்தியாசம்: இங்கே ரூபாய்க்குப் பதினாறு அணா, அங்கே நூறு சதம். தோட்டத்தில் கொழுந்து பறித்த காசில் பத்து ரூபாய் ஊருக்கு அனுப்பினால், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பாட்டி கையில் பத்து ரூபாயாகவே சேரும். மாற்று விகிதம் என்ற சொல்லே எங்கள் வீட்டுக்குத் தெரியாது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது இரு நாடுகளும் சேர்ந்தே குறைத்தன. அதன் பிறகு இரண்டு பக்கமும் ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு.

இந்தச் சமநிலையை உடைத்தது இலங்கை அல்ல, இந்தியா. 1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்து, டாலருக்கு 7.50 என்று அறிவித்தது. இலங்கை அசையவில்லை. ஆக, ஒரே நாளில் ஒரு சிலோன் ரூபாய்க்கு இந்தியக் கணக்கில் 1 ரூபாய் 57 காசு. கீழே போனது நம் ரூபாய்! 1967 நவம்பரில் பவுண்டு மறுபடி விழுந்தபோது இலங்கையும் 20 சதவீதம் குறைத்து, டாலருக்கு 5.95 என்று வைத்தது. அப்போதும் ஒரு சிலோன் ரூபாய்க்கு நம் பணம் 1 ரூபாய் 26 காசு.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அவர்கள் தங்கள் சேமலாப நிதியையும் (இங்கே வருங்கால வைப்பு நிதி என்போம்) பணிக்கொடையையும் எடுத்து வரலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்று இலங்கை ஒப்புக்கொண்டது. கையெழுத்துப் போட்ட அன்று அங்கத்திய நாலாயிரம் இங்கேயும் நாலாயிரம்தான். எந்த நாட்டு மதிப்பில் என்று பிரித்துக் கேட்க அன்றைக்கு யாருக்கும் அவசியம் இருந்திருக்காது.

அதே நாலாயிரம் 1966 ஜூனில் 6,300 இந்திய ரூபாய். ஆனால் அந்த நல்ல விலை பதினேழு மாதம்தான் நின்றது. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டமே இலங்கையில் 1967-ல்தான் நிறைவேறியது, விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது 1968-ல். பெருங்கூட்டம் கப்பல் ஏறும் முன்பே அந்த விலை போய்விட்டது. பிறகு சில ஆண்டுகள் அங்கே டாலருக்கே இரண்டு விலை நடந்தது. 1977 நவம்பரில் ஜெயவர்த்தன அரசு அந்த இரட்டை விலையை ஒழித்து, டாலருக்கு 16 ரூபாய் என்று ஆரம்பித்தது. இங்கே அப்போது எட்டு, எட்டரை ரூபாய். அந்த நாலாயிரம் இங்கே இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது.

எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் பணம் மாற்றிய சீட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று பெரியப்பாவுடையது. ஏற்கெனவே இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்ததால் 1967 தொடக்கத்திலேயே வந்துவிட்டார். 1,200 சிலோன் ரூபாய், அதற்கு எதிரே 1,890. மை மங்கினாலும் எண் தெரிகிறது. மற்றது 1979-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்த அத்தையுடையது. 3,860 என்று எழுதி, கீழே 2,015. மடித்த இடத்தில் கிழிந்து, பின்பக்கம் பசைத்தாள் ஒட்டியிருக்கிறது. அத்தை படிக்காதவர். கவுண்டரில் இருந்தவர் தவறாக எண்ணிவிட்டார் என்று நினைத்து, மூன்று முறை திரும்ப எண்ணச் சொன்னாராம். இருபது வருடம் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, தவறாமல் போய்ச் சேர்ந்த பணத்தில் பாதி எங்கே போனது என்று கடைசிவரை அவருக்கு யாரும் விளக்கவில்லை. யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்றே நம்பி இறந்தார்.

1977-ன் முடிவு பொருளாதாரப்படி தவறு என்று நான் வாதாட வரவில்லை. இரட்டை விலையை என்றைக்காவது ஒழித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பழைய மதிப்பில் பிடித்த சேமிப்போடு இன்னும் ஆயிரக்கணக்கானோர் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்காக இரண்டு அரசுகளும் ஒரு தனி விகிதம் பேசியிருக்கலாம். அத்தை மாதிரியானவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் கூலிக்கே திரும்ப நின்றபோது, கையை விட்டுப் போன அந்தப் பாதிப் பணம் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரமாவது போட்டிருக்கும்.

தாயகம் திரும்பியோர் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை பேர், எந்த ஆண்டு, எந்த முகாம் என்று எழுதுகிறார்கள். அந்தந்த ஆண்டின் ரூபாய் விலையை யாரும் பக்கத்தில் வைப்பதில்லை. நீலகிரியில் இன்னும் பல வீடுகளில் இப்படிப்பட்ட சீட்டுகள் இருக்கும். ஆண்டு, அங்கத்திய தொகை, இங்கத்திய தொகை, இந்த மூன்றை மட்டும் அனுப்பும்படி தங்கள் இதழ் வாசகர்களைக் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். எங்கள் இரண்டு சீட்டுகளின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி