யுன்னான் போகிறவர்களுக்கு: ஷாங்ரிலாவைக் கடைசியில் வைத்திருப்பது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாகாணப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "ஷாங்ரிலாவிலேயே விமான நிலையம் இருக்கிறதே, குன்மிங், தாலி, லிஜியாங் என்று ஏன் சுற்ற வேண்டும்? இரண்டு நாள் மிச்சமாகுமே?" ஆகாது. மிச்சம் பிடித்த அந்த இரண்டு நாளும் அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பதில் போய்விடும்.

குன்மிங்கின் உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர். தாலி 2,000ஐ ஒட்டி, லிஜியாங் 2,400, ஷாங்ரிலா 3,200க்கும் மேல். படிப்படியாக ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். ஒரே தாவலில் போனால் அன்று ராத்திரியே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கலாம். அதற்கு மருந்து கீழே இறங்குவதுதான். போய்ச் சேர்ந்த நாளில் மது வேண்டாம், ஓட்டம் வேண்டாம். இந்த உயரத் தொந்தரவைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதென்றால் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் லிஜியாங்கோடு திரும்புவது நல்லது. அதில் குறை ஒன்றும் இல்லை, அந்தப் பழைய நகரமே 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

லிஜியாங்கில் ஜேட் டிராகன் பனிமலைக்குப் பெரிய கேபிள் கார் 4,506 மீட்டர் வரை ஏற்றிவிடும். அங்கே பையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்தாலே காற்றழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். அதன்பின் 4,680 மீட்டர் வரை மரப்படிகள். இருபது படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். கீழே விற்கும் ஆக்ஸிஜன் டப்பா சில நிமிடங்களுக்குத்தான் வரும், அதை நம்பி வேகம் காட்டாதீர்கள். காற்று பலமாக அடித்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் லிஜியாங்கில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்திருக்கிறோம்.

அடுத்து ரயில். "டிக்கெட்டை இப்போதே அனுப்புங்கள்" என்று கேட்பவர்களுக்கு: சீனாவில் ரயில் டிக்கெட் விற்பனை பயணத்துக்கு 15 நாள் முன்னால்தான் திறக்கும். பாஸ்போர்ட் எண்தான் டிக்கெட், காகிதம் தேவையில்லை. ஆனால் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு வரும் சிக்கல் இன்ஷியல்தான்: ஆதாரில் "எஸ்", பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், எங்கள் படிவத்தில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். ஆகவே தட்டச்சு செய்து அனுப்பாமல், பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தையே படமெடுத்து 20 நாள் முன்னால் அனுப்புங்கள். குன்மிங், குன்மிங் தெற்கு என்று இரண்டு நிலையங்கள் உண்டு. தெற்கு ஊருக்கு வெளியே வெகு தூரம், மாறிப்போனால் வண்டி போய்விடும். தாலி நிலையத்தில் இறங்கியதும் பழைய நகரம் எங்கே என்று தேடாதீர்கள், அது இன்னும் பதினைந்து கிலோமீட்டர் வடக்கே.

பணம் எல்லாம் செல்போனில்தான். அலிபே என்ற பணம் கட்டும் செயலியை ஊரிலிருந்தே பதிவிறக்கி, பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, விசா அல்லது மாஸ்டர் கார்டைச் சேர்த்துவிடுங்கள். இந்திய வங்கி கார்டென்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். பணம் போகாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். ஓடிபி வர உங்கள் சிம் ரோமிங்கில் இருக்கட்டும். அதில் இன்னொரு லாபமும் உண்டு: அங்கே வாங்கும் உள்ளூர் சிம்மில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது, ரோமிங்கில் திறக்கும். 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையில் கட்டினால் 3 சதவீதக் கட்டணம் பிடிக்கும். சில்லறை நோட்டாகக் கொஞ்சம் கையிலும் வைத்திருங்கள்.

விமானத்தில் பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை ஏற்றவே விடுவதில்லை. நம்மூரில் வாங்கியதில் அது பெரும்பாலும் இருக்காது, போய் இறங்கியபின் வாங்கிக்கொள்ளலாம்.

அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் வேண்டவே வேண்டாம். நாடு முழுக்க விடுமுறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, பனிமலை மேகத்துக்குள் ஒளிந்திருக்கும், லிஜியாங்குக்கும் ஷாங்ரிலாவுக்கும் நடுவே இருக்கும் புலிப்பாய்ச்சல் பள்ளத்தாக்கில் மண்சரிவு. மார்ச்–மே, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை நல்ல காலம்.

சைவர்கள் "வோ ச்சி சு" என்றால் புரிந்துகொள்வார்கள். ஆனாலும் கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுண்டு, அரிசி நூடுல்ஸின் சாறு கோழி எலும்புச் சாறாக இருக்கும். எண்ணெய், சாறு இரண்டையும் தனியாகக் கேளுங்கள். ருபிங் என்ற ஆட்டுப்பால் கட்டி பனீர் போலவே உருகாமல் பொரியும், தைரியமாகச் சாப்பிடலாம்.

மழைக்காலத்தில் போவதானால் காட்டுக்காளான் விஷயத்தில் கவனம். வெட்டினால் நீலமாக மாறும் ஒரு வகை உண்டு. அரைவேக்காட்டில் தின்றால் இல்லாத குட்டி மனிதர்கள் கண்ணில் தெரிவார்கள். குன்மிங் கடைகளில் சட்டியை அடுப்பிலேற்றி, பக்கத்தில் கடிகாரத்தையும் வைத்துவிட்டுப் போவார்கள். அது அடிக்கும்வரை கரண்டியைத் தொடாதீர்கள்.

அன்புடன்,
பயண ஏற்பாட்டுப் பிரிவு