சர்வரைக் கூட்டும் முன் வினவலைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையச் சேவைகள் மந்தமாவது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரை, கூடுதல் சர்வர்களே தீர்வு என்று முடிந்திருந்தது. தரவுத்தளப் பணியில் இருப்பவன் என்ற முறையில், பல நேரங்களில் குற்றம் இயந்திரத்தில் இல்லை, நாம் எழுதும் வினவலில்தான், அதாவது தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் கட்டளையில்தான் இருக்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் எண்களை ஒரே 'இன்' (IN, 'இந்தப் பட்டியலில் உள்ளவை மட்டும்' என்னும் நிபந்தனை) அடைப்புக்குள் காற்புள்ளியிட்டு அடுக்கி அனுப்பும் வழக்கத்தையே குறிப்பாகச் சொல்கிறேன். பத்திருபது எண்கள் என்றால் அதில் குறையேதும் இல்லை. பட்டியல் நீளும்போதோ, தரவுத்தளம் அந்த நெடிய வாக்கியம் முழுவதையும் படித்துப் பகுத்தாக வேண்டும். மதிப்புகளின் எண்ணிக்கை மாறுந்தோறும் அது புதிய வாக்கியமாகத் தெரிவதால், விடையைத் தேடும் வழியாக முன்பு வகுத்து வைத்த செயல்திட்டமும் பெரும்பாலும் பயன்படாமல் போகிறது. மைஎஸ்கியூஎல் (MySQL) என்னும் தரவுத்தள மென்பொருளின் இயல்பமைப்பில், மதிப்புகள் 200ஐ எட்டிவிட்டால், இண்டெக்ஸுக்குள் (தேடலை விரைவாக்கும் அட்டவணைச் சுட்டி) இறங்கிப் பார்த்து எத்தனை வரிசைகள் கிடைக்கும் என்று கணிப்பதை விட்டுப் பொதுவான புள்ளிவிவரத்தை அது நம்பத் தொடங்கும். தரவு சீராகப் பரவியிராத அட்டவணையில் கணக்கு தவறுவது அங்கேதான். ஆரக்கிள் (Oracle) தரவுத்தளம் நெடுங்காலம் ஒரு பட்டியலில் 1000 மதிப்புகளுக்கு மேல் ஏற்றதில்லை. அந்த வரம்பைத் தாண்டுவதற்காகப் பட்டியலை ஆயிரம் ஆயிரமாக நறுக்கி 'ஆர்' (OR, 'அல்லது') போட்டு ஒட்டுவதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் வரம்பு சொல்லும் செய்தியை அது காதில் வாங்குவதே இல்லை.

அந்த மதிப்புகளை ஒரு தற்காலிக அட்டவணையில் மொத்தமாக ஏற்றி, அதற்குப் புள்ளிவிவரம் திரட்டிய பின் முதன்மை அட்டவணையோடு ஜாயின் செய்வதே, அதாவது பொருந்தும் வரிசைகளை இணைப்பதே நேரான வழி. போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர் முழுப் பட்டியலையும் ஒரே அணியாக (array), வாக்கியத்துக்கு வெளியே தரும் ஒரே அளவுருவாக (parameter) அனுப்பலாம்; எண்ணிக்கை எதுவானாலும் வாக்கியம் மாறாது. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. 'இன்' பட்டியலில் ஒரே எண் இருமுறை வந்தாலும் விடை மாறாது. ஜாயினிலோ வரிசைகள் இரட்டித்துவிடும் என்பதால், மறுபதிவுகளை முன்கூட்டியே நீக்க வேண்டும். ஒப்பிடும் இரு பத்திகளின் தரவு வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்தாகச் சேமித்த எண்ணை எண்ணோடு ஒப்பிட்டால், இண்டெக்ஸ் இருந்தும் உதவாமல் போகக்கூடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு, அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அதே தரவுத்தளத்தில் ஓடிய முந்தைய வினவலின் விடையையே நிரலுக்குள் இறக்கி மீண்டும் மேலே அனுப்பிக்கொண்டிருப்போம். இரண்டையும் ஒரே வினவலாக இணைத்தால் பட்டியலுக்கே வேலையில்லை.

'எக்ஸ்பிளெயின்' (EXPLAIN) கட்டளை காட்டும் செயல்திட்டத்தைப் படிக்கும் முறை பற்றித் தங்கள் பக்கத்தில் ஒரு விளக்கக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்